காணும் பொங்கலன்று லைன் இல்லை

எங்கள் பக்கத்தில் 'லைன் இல்ல' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். மோட்டாருக்குக் கரண்டு வரவில்லை என்றாலும் லைன் இல்லை. போனை எடுக்க மனசில்லை என்றாலும் லைன் இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாததற்கும் அதே பதில்தான், 'சொல்லலாம்னு பார்த்தேன், லைனே கிடைக்கல' என்று. அது பொய் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். தெரிந்தே விட்டுவிடுவார்கள். என் மகள் மட்டும் ஒரு முறை அதை விடவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, அணைக்குப் போகிற பக்கம், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. பின்னால் மலை நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் மலையைப் பார்த்துவிட்டு 'கொடுத்து வச்சவங்க நீங்க' என்பார்கள். வீட்டுக்குள் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தால் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். மாடிக்கு ஏறினால் எழுதி அனுப்புவது போகும், வரும். படத்தோடு பேச முடியாது. முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

மற்ற வீடுகளில் அது ஒரு சின்னத் தொல்லை. குரல் கேட்டால் போதும் அவர்களுக்கு. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் பேசுவது கையால். கை பாதியில் நின்றுவிட்டால் அவள் 'வருகிறேன்' என்றாளா 'வரமாட்டேன்' என்றாளா என்றுகூடத் தெரியாது. விடுதியில் தங்கிப் படித்தபோது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, இன்று என் கையும் அவள் கை அளவுக்கு வாயாடும். என் வீட்டுக்காரருக்கு அப்படி வரவில்லை. சாப்பாடு, தூக்கம், பஸ், அம்மா, வா, போ என்று கொஞ்சம் வைத்திருக்கிறார். மிச்சத்துக்கு என் பக்கம் திரும்பி 'சொல்லு' என்பார்.

மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் வயர் வைத்த நெட் வாங்கியதுதான். கம்ப்யூட்டர் முன்பே வீட்டில் இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சகத்துக்கு நான் வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கிறேன். தை மாசம் வந்தால் கல்யாணப் பத்திரிகையாக வந்து குவியும். இருவீட்டார் அழைப்பு என்று அடித்து அடித்து எனக்கு அந்த வார்த்தையே சலித்துப்போயிருந்தது. கேபிள்காரர் முன் அறையில் ஒரு சின்னப் பெட்டி மாட்டி, அதிலிருந்து பின் அறையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். அந்தப் பெட்டியில் வைஃபை கிடையாது. ஒரே ஒரு பொந்து, ஒரே ஒரு வயர். "வைஃபைக்கு வேற பெட்டி வாங்கணுங்க" என்றார். வேண்டாம் என்றேன். கண்ணுக்குத் தெரிகிற வயரை நம்பலாம் என்பது அப்போது என் எண்ணம்.

சென்ற வருஷம் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். அவளோடு வேலை செய்கிறவன். அவனுக்கும் காது கேட்காது. கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றாள். சாதி, சனம் என்று என் வீட்டுக்காரர் குதிப்பார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் குதிக்கவில்லை. கொல்லைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டுல ஒருத்தருக்காவது கேக்க வேணாமா? ராத்திரில கொழந்த அழுதா யாருக்குக் கேக்கும்?"

இதை நான் மகளிடம் அப்படியே சொல்லவில்லை. 'அப்பா யோசிக்கிறார்' என்று மட்டும் சொன்னேன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்கிறவளுக்கு அந்த அளவு உரிமை உண்டு என்பது என் கட்சி. ஆனால் எவ்வளவு நாளைக்கு ஒரு மனுஷன் யோசிப்பார்? தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் என்னை விட்டுவிட்டு நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள், "அவனை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?" என்று. அவர் எழுந்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டார். திரையில் மகள் அப்படியே நின்று, பிறகு காணாமல் போனாள். அவரே மாடிக்குப் போய், அவர் போனிலிருந்து 'லைன் இல்ல' என்று அனுப்பிவிட்டு இறங்கி வந்தார்.

கேமரா முன்னால் அவர் கை போனதை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணால் பேசுகிறவளிடம் போய்க் கண்ணுக்கு எதிரே பொய் சொன்னால் எப்படி?

பொங்கலுக்கு அவள் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு செய்தி வந்தது: காணும் பொங்கலன்று காலை பத்து மணிக்கு நானும் அவனும் கம்ப்யூட்டரில் வருவோம், அப்பா எதிரே உட்காரட்டும், வேண்டாம் என்றாலும் உட்கார்ந்து சொல்லட்டும், அன்றைக்கே அவன் ஊருக்குக் கிளம்புகிறான், அவன் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும். கடைசி வரி: லைன் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு "சரி" என்றார். எந்தச் 'சரி' என்று அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் செய்து என்ன பிரயோஜனம்?

காணும் பொங்கலன்று விடிந்ததும் அவர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நான் பலகாரத் தட்டை மூடி வைத்துவிட்டு, எதற்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரைப் போட்டேன். லைன் இல்லை.

முதலில் எனக்குக் கரும்பு லோடு மேல்தான் சந்தேகம். ஆலை ஓடுகிற மாசங்களில் எங்கள் தெருவில் இது சகஜம். டிராக்டரில் கரும்பை வானத்துக்கு ஏற்றிக்கொண்டு வருவார்கள். தாழத் தொங்குகிற கேபிள் வயர் கரும்புத் தோகையில் மாட்டி அறுந்துகொண்டு போகும். அந்த சீசனில் முன்பே அறுந்திருந்தது. எங்கள் கரும்பும் அந்த லோடில்தான் போகிறது என்பதால் யாரைத் திட்டுவது என்றும் தெரியாது. தெருவில் இறங்கிக் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். வயர் எங்கும் அறுந்து தொங்கவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் 'அணைக்கட்டுக்கு வரலியா' என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

மாடிக்குப் போய்க் கேபிள்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் குழந்தைகள் இரைச்சல். அவரும் எங்கோ குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்.

"கரும்பு லோடு அறுத்திருக்குங்க. நாளைக்கு ஆள அனுப்பறேன்."

"அறுக்கல. நான் பாத்துட்டுத்தான் பேசறேன்."

"பொட்டில செவப்பு லைட்டு எரியுதா?"

நான் மாடியிலிருந்து கத்த, வீட்டுக்காரர் கீழேயிருந்து பார்த்துச் சொன்னார்: சிவப்பு இல்லை, எல்லாம் பச்சை.

"அப்போ லைன் உங்க வூடு வரைக்கும் நல்லா வந்துக்கினு இருக்குதுங்க. கோளாறு உங்க வூட்டுக்குள்ளதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இறங்கி வந்தேன். வீட்டுக்காரர் நாற்காலியில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, வயரப் புடுங்கினீங்களா?"

"புடுங்கல."

"நிஜமா?"

"புடுங்கலன்னு சொல்றேன் இல்ல."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வயர் அதன் இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் வேறு ஏதோ. கேபிள்காரர் எப்போதும் சொல்கிற முதல் வைத்தியத்தைச் செய்தேன்: பெட்டியை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் திரையின் மூலையில் அதே படம், குறுக்கே ஒரு பெருக்கல் குறி. அதன் மேல் அழுத்தினால் வயரே சொருகவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. சொருகியிருக்கிற வயரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைப் படிக்க எரிச்சலாக வந்தது.

எலி கடித்திருக்குமோ என்று வயரைச் சுவரோரமாகக் கையால் தடவிக்கொண்டு முன் அறைவரை போனேன். ஒரு பல் தடம்கூட இல்லை. மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி மாடி. 'லைன் இல்லை. நிஜமாகவே இல்லை. சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன்' என்று மகளுக்கு அனுப்பினேன். அனுப்பும்போதே அவள் அதை எப்படிப் படிப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. உடனே பதில் வந்தது.

'சரிம்மா. புரியுது.'

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். கோபத்தில்தான் பாதி அழுகை. ஒரு தடவை பொய்யாகச் சொன்ன வார்த்தை, உண்மையாகத் தேவைப்படும்போது செல்லாமல் போய்விட்டது. அதைச் சொன்னவர் கீழே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே நின்று அவமானப்படுகிறேன்.

இறங்கியதும் செய்தியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். படித்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

"வண்டிய எடுக்கறேன், அணைக்கட்டுக்குப் போயிடலாம். அங்க டவர் இருக்குது" என்றார்.

"இன்னிக்கா? ஊரே அங்கதான் போனத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கும். இங்க வரதுகூட அங்க வராது."

"அப்போ இன்னாதான் பண்றது?"

அவர் அப்படிக் கேட்டபோதுதான், இந்த மனுஷனும் அவளைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. மனசு கொஞ்சம் அடங்கியது. அடங்கியதும் புத்தி வேலை செய்தது. பெட்டியோடு வந்த குட்டி வயர் ஒன்று பிரிக்காமல் பீரோவில் இருந்தது. என்னிடம் இன்னொரு வயர் இருப்பதே மறந்துபோயிருந்தது. அது பின் அறைவரை எட்டாது என்பதால் சி.பி.யூவையும் திரையையும் முன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நீள வயரைக் கழற்றிவிட்டுப் புது வயரைப் பெட்டிக்கும் சி.பி.யூவுக்கும் நேராகச் சொருகினேன். அப்படியும் அதே பெருக்கல் குறி. வயரும் கோளாறு இல்லை, பெட்டியும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது சி.பி.யூவில் வயர் சொருகுகிற பொந்து ஒன்றுதான்.

வெளிச்சத்தில் திருப்பி, போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் துளி சிவப்பு.

"இது இன்னாங்க?"

அவர் குனிந்து பார்த்தார். "பொட்டு" என்றார்.

முதல் நாள் மாட்டுப் பொங்கல். வருஷா வருஷம் மாட்டைக் கழுவிப் பொட்டு வைத்த கையோடு டிராக்டர், மோட்டார், மண்வெட்டி, கடப்பாரை என்று வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அவர் வழக்கம். போன வருஷம் என் கம்ப்யூட்டருக்கும் வைக்கிறேன் என்று திரை மேலேயே சந்தனத்தை அப்பி வைத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்த வருஷம் அந்தப் பக்கம் போகமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

"வயரப் புடுங்கலன்னீங்களே."

"புடுங்கல. எடுத்தேன். ஈரத்துணி போட்டுத் தொடச்சி, பொட்டு வெச்சிட்டுத் திரும்ப சொருகிட்டேன். புடுங்கறது வேற, எடுக்கறது வேற."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் கை வந்தது. ஆனால் அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தீபாவளிக்குச் செய்தது பிடுங்கியது. நேற்றுச் செய்தது எடுத்தது. அவர் மனசில் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருந்தது.

"மூஞ்சில வெச்சா நீ திட்டுவ. அதான் பின்னால வெச்சேன். வயரு மேல ரெண்டு கண்ணு மினுக்கிக்கினு இருந்துது. மாட்டுக்கு வெக்கற மாதிரி ரெண்டுக்கும் நடுவுல வெச்சேன். சந்தனம் கொஞ்சம் ஜாஸ்தியாப் பூடுச்சு போல." பொந்தின் ஓரத்தை விரலால் துடைத்தார். "நாளைக்குப் பாப்பா அதுலதான வரப்போவுதுன்னு வெச்சேன்."

அடுக்களைக்குப் போய்த் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி ஒடித்து வந்தேன். கரண்டைப் பிடுங்கினேன். ஆமாம், அதைப் பிடுங்கினேன். பழைய டூத் பிரஷ், பஞ்சு, கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் பாட்டில் அடியில் மிச்சம். பொந்துக்குள் வரிசையாக மெல்லிய பித்தளை நரம்புகள் இருந்தன. சந்தனம் அவற்றின் இடுக்கில் போய்க் கெட்டியாகியிருந்தது. அவற்றை வளைக்காமல் சுரண்டி எடுப்பது முள் எடுக்கிற வேலை. அவர் டார்ச் பிடித்தார்.

சுத்தமானதும் அவர் சி.பி.யூவை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் வாசல் வெயிலில் வைத்தார். அது காயும்வரை இருவரும் பக்கத்திலேயே நின்றோம். பத்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. அந்தப் பையன் பஸ் ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய இடத்தில் வைத்து, பழைய வயரைச் சொருகி, கரண்டைப் போட்டேன். பொந்தின் மேல் பச்சை ஒன்று எரிந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் மினுக்கியது. மூலையில் பெருக்கல் குறி போய்விட்டது.

மகளைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு மணி கேட்காது; போன் கையிலோ கண் எதிரிலோ இருக்க வேண்டும். நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால், தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் ஷூ போட்டபடி அந்தப் பையன் நின்றான். ஒல்லி. எங்கள் இருவரையும் பார்த்ததும் அவசரமாகக் கும்பிட்டான்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, பிடுங்கினாயா என்று ஒரே சைகையில் கேட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். அவர் தடுத்தார். தலைக்கு இரண்டு பக்கமும் விரல் நீட்டிக் கொம்பு வைத்தார். கட்டை விரலால் நெற்றியில் பொட்டு வைத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தொட்டுக் காட்டி அதற்கும் பொட்டு வைத்தார். மகள் கொஞ்ச நேரம் விழித்தாள். பிறகு புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பையனுக்கு விளக்கினாள். அவனும் சிரித்துவிட்டு, பெரியவர் எதிரே சிரித்தது தப்போ என்று வாயை மூடிக்கொண்டான்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகளிடமிருந்து பார்வையை எடுத்துப் பையனைப் பார்த்தார். அவர் கேட்கப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் நான் நடுவில் நிறுத்தி வைத்திருந்த கேள்வி. "நான் சொல்றேங்க" என்றேன். "வேணாம்" என்றார்.

கண்ணை மூடிக் கன்னத்தில் கை வைத்தார்: தூக்கம். இரண்டு கையையும் மடித்து ஆட்டினார்: குழந்தை. கண்ணிலிருந்து விரலைக் கீழே இழுத்தார்: அழுகை. காதைத் தொட்டு, கையை விரித்தார்.

மகள் முகம் இறுகியது. பையன் முகத்தில் மாற்றமில்லை. இந்தக் கேள்வியை அவன் முன்பே யாரிடமோ எதிர்கொண்டிருப்பான். பொறுமையாக, அவருக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சைகையையும் நிறுத்தி நிறுத்திச் செய்தான். நான் பக்கத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"எங்க அம்மாவுக்குக் காது கேட்காது. அப்பாவுக்கும் கேட்காது. நான் அழுதேன். அம்மா எழுந்தாங்க."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "எப்பிடியாம்?"

நான் கேட்டேன். பையன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துத் தூங்குவது போல் காட்டினான். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, அங்கே ஒரு சின்ன உடம்பு படுத்திருப்பது போல, அதன் நெஞ்சு மேல் உள்ளங்கையை வைத்தான். பிறகு அந்த உள்ளங்கை துடித்தது. அவன் கண் திறந்தது.

அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் யாரோ டிராக்டரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள்.

"எப்பக் கூட்டிக்கினு வரான்னு கேளு" என்றார்.

"யார?"

"அவங்க அம்மாவ."

"நீங்களே கேளுங்க."

அம்மா என்பதற்கு அவருக்குக் கை தெரியும். வா என்பதற்கும் தெரியும். எப்போது என்பதற்குத் தெரியாது. அதனால் பையனைப் பார்த்து 'அம்மா, வா' என்று மட்டும் சொன்னார்.